பாரன் தீவு: கிண்ணம் இருக்கு, ஏரி இல்லை!

  

தீவு என்று சொன்னதும் திரேஸ்புரத்துப் பிள்ளைகளுக்கு எது ஞாபகம் வரும்? வான்தீவு, காசுவாரித் தீவு, காரைச்சல்லி. மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளில் நம்ம ஊர்ப் பக்கம் இருப்பவை இவை. இந்தக் கூட்டத்தில் விலாங்குசல்லியும் ஒன்று. அது கடலுக்குள் மூழ்கிப் போச்சு. வான்தீவும் வருஷா வருஷம் கரைந்து சிறுத்துக்கொண்டே வந்ததால், அதைக் காப்பாற்ற அலைத் தடுப்பாகச் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். இந்தத் தீவுகளை எல்லாம் கட்டியது யார்? கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பவள உயிரிகள். அவை விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கூடும் அதன் மேல் சேர்ந்த மணலும்தான் நம்ம தீவுகள்.

நெருப்பு கட்டிய தீவும் நம் நாட்டில் உண்டு. அதன் பெயர் பாரன் தீவு. இந்தியாவில் இன்றைக்கும் புகைந்து வெடிக்கிற ஒரே எரிமலை அதுதான். நடுவில் பெரிய கிண்ணம் மாதிரி பள்ளம் இருக்கு. சுற்றிலும் கடல். வருஷத்தில் பல மாதம் மழை. ஆனாலும் அந்தக் கிண்ணத்தில் ஏரி இல்லை! ஏன்? ஏரி இருந்தால் நல்லதா, கெட்டதா? அங்கே வெடித்தால் நம்ம கரைக்கு என்ன ஆகும்? இவற்றைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

1. எங்கே இருக்கு?

அட்லஸை எடுத்து வங்காள விரிகுடாவைப் பாருங்கள். வலது பக்கம் மேலிருந்து கீழே புள்ளி புள்ளியாக அந்தமான் நிக்கோபார் தீவுகள் தெரியும். தலைநகர் போர்ட் பிளேர். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கிருந்து வடகிழக்கே சுமார் 135 கிலோமீட்டர் போனால் பாரன் தீவு. நம்ம தூத்துக்குடியில் இருந்து நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 1,750 கிலோமீட்டர். ஸ்கேல் வைத்து நீங்களே அளந்து பார்க்கலாம்.

தீவு ரொம்பச் சின்னது. குறுக்கே சுமார் 3 கிலோமீட்டர்தான். உயரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 350 மீட்டர். 'இவ்வளவுதானா?' என்று கேட்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிவது மலையின் உச்சி மட்டும்தான். மலையின் அடிவாரம் கடலுக்கு உள்ளே 2,000 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் இருக்கு. நம்ம ஊரில் சங்கு குளிக்கிறவர்கள் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். ஒரு பாகம் என்பது ஆறு அடி. அந்தக் கணக்கில் பார்த்தால் அடிவாரம் ஆயிரம் பாகத்தையும் தாண்டிக் கீழே கிடக்கு!

'பாரன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தரிசு, ஒன்றும் விளையாதது என்று பொருள். சாம்பலும் கருங்கல்லும் தெரிந்ததால் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் தீவின் ஒரு பகுதியில் செடி கொடி உண்டு, பறவைகள் உண்டு, எப்பவோ கொண்டுபோய் விட்ட ஆடுகளின் வம்சமும் உண்டு. சுற்றியுள்ள கடலில் பவளப் பாறைகளும் இருக்கின்றன. மனிதர் யாரும் குடியிருக்கவில்லை. அது வனவிலங்குச் சரணாலயம். சுற்றுலாப் பயணிகள் கப்பலில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

2. கடலுக்கு நடுவில் நெருப்பு எப்படி வந்தது?

பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு இல்லை. பல தட்டுகளாக உடைந்து, மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கு. நம்ம நாடு இருக்கும் இந்தியத் தட்டு, அந்தமானுக்கு மேற்கே, பக்கத்துத் தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டு போகிறது. வேகம் எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர். கிட்டத்தட்ட நம்ம விரல் நகம் வளர்கிற வேகம்.

அடியில் போகும் தட்டு, தன்னோடு கடல் தண்ணீரையும் ஈரச் சேற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. நூறு கிலோமீட்டர் அளவு ஆழம் போனதும் சூட்டிலும் அழுத்தத்திலும் அந்தத் தண்ணீர் பிழிந்து வெளியே வரும். இங்கேதான் ஒரு அதிசயம். தண்ணீர் பட்டால் நெருப்பு அணையும் என்றுதான் நமக்குத் தெரியும். பூமிக்குள் நடப்பது நேர் எதிர்: தண்ணீர் சேர்ந்தால் பாறை சீக்கிரம் உருகும்!

நம்ப முடியவில்லையா? ஐஸ் கட்டியில் உப்பைப் போட்டால் என்ன ஆகும் என்று மீன்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உப்பு சேர்ந்த ஐஸ், சாதாரண ஐஸ் உருகாத குளிரிலேயே உருகிவிடும். அதே மாதிரி, தண்ணீர் சேர்ந்த பாறை, காய்ந்த பாறை உருகாத சூட்டிலேயே உருகிவிடும். அப்படி உருகிய பாறைக் குழம்பை மாக்மா என்கிறோம். அது சுற்றியுள்ள கெட்டிப் பாறையைவிட எடை குறைவு. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும்.

மேலே வரும்போது ஏன் வெடிக்கிறது? சோடா பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே வாயு இருப்பதே தெரியாது. மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று நுரை பொங்கும். மாக்மாவிலும் நீராவி முதலான வாயுக்கள் கரைந்திருக்கு. மேலே வர வர அழுத்தம் குறையும். வாயு குமிழியாகப் பிரியும். நுரையோடு குழம்பும் சேர்ந்து பீய்ச்சி அடிக்கும். மேலே வந்த குழம்புக்கு லாவா என்று பெயர்.

இந்தத் தட்டு சொருகும் கோட்டின் மேல்தான் மியான்மரின் போப்பா மலை, அந்தமானின் நார்கொண்டம், பாரன் தீவு, சுமத்திராவின் டோபா, அதற்கும் கீழே கிரகடோவா, ஜாவாவின் கெலுட் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஒரே கயிற்றில் கோத்த மணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. எத்தனை முறை வெடித்தது?

1787 – எழுத்தில் பதிவான முதல் வெடிப்பு.

1789 – அந்தமானை அளக்க வந்த ஆர்ச்சிபால்ட் பிளேர் எரிமலை வெடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். போர்ட் பிளேர் என்ற பெயர் இவரால்தான் வந்தது.

1803–04 – மறுபடியும் வெடிப்பு. அந்த நூற்றாண்டில் பிறகு மெல்ல அடங்கிப் போச்சு. நூறு வருஷத்துக்கும் மேல் பெரிய சத்தம் இல்லை. 'செத்த எரிமலை' என்றே பலர் நினைத்தார்கள்.

1991 – தூங்கியது எழுந்துவிட்டது! லாவா ஓடிக் கடலில் இறங்கி நீராவி கிளம்பியது.

1994–95 – மீண்டும்.

2005 மே – மீண்டும். சுனாமி வந்து சுமார் ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பெரிய நிலநடுக்கம்தான் இதைக் கிளப்பிவிட்டதா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அதன் பிறகு இன்றுவரை விட்டுவிட்டுப் புகைகிறது.

2017 ஜனவரி – கோவாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக் கப்பலில் பக்கத்தில் இருந்தபோதே சாம்பல் கக்கியது. இரவில் லாவா சிவப்பாகப் பீய்ச்சி அடித்ததையும் பார்த்தார்கள்.

2025 செப்டம்பர் – ஒரே மாதத்தில் இரண்டு சின்ன வெடிப்புகள்.

இதில் இருந்து நாம் படிக்க வேண்டியது ஒன்று. எரிமலைக்கு நம்ம வயசுக் கணக்கு கிடையாது. நூறு வருஷம் சும்மா இருந்தது என்பதற்காக அது செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

4. கிண்ணம் இருக்கு, தண்ணீர் எங்கே?

பாரன் தீவின் நடுவில் சுமார் 2 கிலோமீட்டர் அகலத்தில் வட்டமான பெரும்பள்ளம் இருக்கு. ஆதி காலத்தில் இருந்த பெரிய மலையின் உச்சி இடிந்து உள்ளே விழுந்ததால் வந்த பள்ளம் அது. இப்படிப்பட்ட பள்ளத்துக்குக் கால்டெரா என்று பெயர். அதன் நடுவில் புதுசாக ஒரு கூம்பு மலை வளர்ந்து நிற்கிறது. இப்போது வெடிப்பது அந்தக் கூம்புதான்.

உலகத்தில் பல எரிமலைகளின் பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கி அழகான ஏரி ஆகியிருக்கு. பாரன் தீவில் ஏன் ஆகவில்லை? உப்பளத்துப் பாத்தியை மனதில் வைத்துக்கொண்டால் விடை சுலபம். பாத்தியில் தண்ணீர் நிற்க என்னென்ன வேண்டும்?

ஒன்று, வரப்பு உடையாமல் இருக்க வேண்டும். பாரன் தீவின் சுவர் மேற்குப் பக்கம் உடைந்து திறந்திருக்கு. லாவா அந்த வழியாகத்தான் கடலுக்கு ஓடியது. மழைத் தண்ணீரும் அங்கே தேங்கி நிற்க முடியாது.

இரண்டு, தரை உறிஞ்சாமல் இருக்க வேண்டும். உப்பளத்தில் களிமண்ணை மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்துகிறார்கள். பாரன் தீவின் தரையோ சாம்பலும் பொத்தல் கல்லுமாகக் கிடக்கு. தண்ணீர் விழுந்த வேகத்தில் உள்ளே இறங்கிவிடும்.

மூன்று, ஆவியாவதைவிட வரத்து அதிகமாக இருக்க வேண்டும். உப்பளத்தில் வெயில் தண்ணீரைக் குடிக்கிறது. பாரன் தீவில் வெயிலோடு அடிச்சூடும் சேர்ந்து குடிக்கிறது. அடிக்கடி கொதிக்கிற வாயில் ஏரி நிற்காது.

ஆக, வரப்பு முழுசு, தரை கெட்டி, சூடு மிதம் – இந்த மூன்றும் சேர்ந்தால்தான் எரிமலை ஏரி.

ஒரு சந்தேகம் வரலாம். மகாராஷ்டிராவில் லோனார் ஏரி வட்டமாக, கறுப்புப் பாறைக்கு நடுவில் இருக்கிறதே, அது எரிமலை ஏரியா? இல்லை. பாறை எரிமலைப் பாறைதான். ஆனால் பள்ளத்தைத் தோண்டியது வானத்தில் இருந்து விழுந்த விண்கல். பார்க்க ஒன்று போல இருந்தாலும் பிறப்பு வேறு!

5. கெலுட்: ஏரி கொன்ற கதை, ஏரியை வென்ற கதை

இந்தோனேசியாவில் ஜாவா என்ற தீவு இருக்கு. அதன் கிழக்குப் பகுதியில் கெலுட் என்ற எரிமலை. உயரம் 1,731 மீட்டர். அதன் வாயில் பச்சை நிறத்தில் ஒரு ஏரி. கீழே வயலும் கிராமமும் நெருக்கமாக இருக்கும். எரிமலைச் சாம்பல் மண்ணுக்கு நல்ல உரம் என்பதால் மக்கள் அங்கே போய்க் குடியேறினார்கள்.

1919 மே மாதம் ஒரு நடு இரவில் கெலுட் வெடித்தது. அப்போது ஏரியில் ஏறத்தாழ 4 கோடி கனமீட்டர் தண்ணீர் இருந்தது. நம்ம கணக்கில் சொல்லட்டுமா? 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணி லாரி என்று வைத்தால் 33 லட்சம் லாரித் தண்ணீர்! அத்தனையும் ஒரே இரவில் மலையில் இருந்து வீசப்பட்டது. வந்தது வெறும் தண்ணீர் இல்லை. சாம்பலும் மண்ணும் பாறையும் கலந்த சூடான சேற்று வெள்ளம். இதை அந்த நாட்டு மொழியில் லஹார் என்கிறார்கள். இன்று உலகம் முழுக்க விஞ்ஞானிகள் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் அழிந்தன. 5,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது லாவா அல்ல, ஏரி!

அதன் பிறகு அப்போதைய டச்சு அரசு ஒரு முடிவு எடுத்தது. எரிமலையை நிறுத்த முடியாது. ஆனால் ஏரியைக் குறைக்கலாமே? மலையின் பக்கவாட்டில் சுரங்கம் தோண்டி, ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டார்கள். சூட்டிலும் இருட்டிலும் பல வருஷம் நடந்த வேலை அது. ஏரியின் மட்டம் 50 மீட்டருக்கு மேல் இறங்கியது.

பலன் கிடைத்ததா? 1951-இல் கெலுட் மறுபடி வெடித்தபோது பெரிய சேற்று வெள்ளம் வரவில்லை. ஆனால் அந்த வெடிப்பிலேயே சுரங்கம் சேதமாகி, பள்ளமும் ஆழமாகிவிட்டது. தண்ணீர் திரும்பத் தேங்கியது. 1966-இல் வெடித்தபோது 200-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். உடனே இன்னும் தாழ்வாகப் புதுச் சுரங்கம் போட்டார்கள். 1990-இல் வெடித்தபோது 30-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சாம்பல் பாரத்தில் கூரை இடிந்து விழுந்ததே அதற்கு முக்கியக் காரணம். ஏரியால் வரும் அழிவு குறைந்துவிட்டது.

ஏரி இன்னொரு வகையிலும் உதவியது. காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டர் வைக்கிறோம் இல்லையா? ஏரிதான் எரிமலையின் தெர்மாமீட்டர்! 2007-இல் கெலுட் ஏரியின் சூடு ஏறியது, பச்சை நிறம் வெளுத்தது. விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். அந்த முறை பெரிய வெடிப்பு இல்லை. ஏரிக்கு நடுவில் லாவா மேடு ஒன்று எழும்பி, ஏரி இருந்த இடத்தையே நிரப்பிவிட்டது.

2014 பிப்ரவரி 13 இரவு. மலைக்கு அடியில் அதிர்வுகள் கூடுவதைக் கருவிகள் காட்டின. மிக உயர்ந்த எச்சரிக்கையை அறிவித்தார்கள். அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் கெலுட் பயங்கரமாக வெடித்தது. சாம்பல் பல விமான நிலையங்களை மூட வைத்தது. லட்சம் பேர் அளவில் மக்கள் வெளியேறியிருந்தார்கள். இறந்தவர்கள் ஒற்றை இலக்கத்தில்தான். 1919-க்கும் 2014-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். மலை அதே மலை. மாறியது மனுஷனின் அறிவும், அந்த அறிவை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த வேகமும்தான்.

6. டோபா: நம்ம நாட்டில் விழுந்த சாம்பல்

சுமத்திரா தீவில் டோபா என்று ஒரு ஏரி இருக்கு. நீளம் சுமார் 100 கிலோமீட்டர், அகலம் சுமார் 30 கிலோமீட்டர், ஆழம் 500 மீட்டர் அளவு. இது எரிமலை ஏரி என்றால் நம்ப முடிகிறதா? சுமார் 74,000 வருஷங்களுக்கு முன்னால் நடந்த மகா வெடிப்பில் இடிந்த பள்ளம்தான் அது. ஏரிக்கு நடுவில் சமோசிர் என்ற தீவு. அந்தச் சமோசிருக்குள் சிடிஹோனி என்று ஒரு சின்ன ஏரி. தீவுக்குள் ஏரி, ஏரிக்குள் தீவு, அந்தத் தீவுக்குள் இன்னொரு ஏரி! விடுகதைக்கு நல்லா இருக்கும்.

டோபாவின் சாம்பல் நம்ம நாடுவரை வந்து விழுந்தது. ஆந்திராவில் ஜுவாலாபுரம் என்ற ஊரில் பூமிக்கு அடியில் அந்தச் சாம்பல் தடிமனான படுகையாகக் கிடக்கு. சாம்பலுக்குக் கீழேயும் மனிதர்கள் செய்த கல் கருவிகள் கிடைத்தன, மேலேயும் கிடைத்தன. அப்படியானால், அவ்வளவு பெரிய அழிவுக்குப் பிறகும் அங்கே மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் 2007-இல் எழுதினார்கள்.

அந்தத் தீவு தமிழருக்குப் புதுசு இல்லை. சுமத்திராவின் பாருஸ் என்ற பழைய துறைமுகத்தில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கு. ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழு வைத்தது. டோபாவுக்குப் போகும் வழியில் இருக்கும் மேடான் நகரில் இன்றும் தமிழ் வம்சாவளியினர் வாழ்கிறார்கள். அன்னை வேளாங்கண்ணிக்குக் கோபுரத்தோடு ஒரு ஆலயமும் அங்கே உண்டு.

7. கிரகடோவா: மலை வெடித்தால் கடல் வருமா?

கடற்கரைப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது.

1883 ஆகஸ்ட் 27. சுமத்திராவுக்கும் ஜாவாவுக்கும் நடுவில் இருந்த கிரகடோவாத் தீவு வெடித்து, பெரும் பகுதி கடலுக்குள் இடிந்து விழுந்தது. சத்தம் சுமார் 4,800 கிலோமீட்டர் தள்ளி, ரோட்ரிக்ஸ் தீவில் கேட்டது. 36,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது சுனாமி அலைதான்.

அந்த இடத்தில் 1927-க்குப் பிறகு புதுசாக ஒரு எரிமலை கடலில் இருந்து முளைத்தது. அனாக் கிரகடோவா, அதாவது 'கிரகடோவாவின் பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். 2018 டிசம்பர் 22 இரவு அதன் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. சுனாமி கிளம்பி 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்லாததால் முன்னெச்சரிக்கை வரவில்லை. நிலம் ஆடாமலும் சுனாமி வரலாம் என்பதை உலகம் மறுபடி படித்தது.

8. பாரன் தீவு வெடித்தால் நமக்கு ஆபத்தா?

டி.வி.யில் 'பாரன் தீவில் எரிமலை வெடிப்பு' என்று செய்தி ஓடினால் நம்ம தெருவில் உடனே பேச்சு கிளம்பும். 'கடல் பொங்குமாம்', 'யாரும் கடலுக்குப் போகாதீங்க' என்பார்கள். அறிவியல் என்ன சொல்கிறது?

இதுவரை நாம் பார்த்த பாரன் தீவு வெடிப்புகள் சின்னவை. அவற்றால் தமிழகக் கரைக்குச் சுனாமி வந்தது இல்லை. தவிர, அது அந்தமான் தீவுகளுக்குக் கிழக்கே இருக்கு. அதற்கும் நமக்கும் நடுவில் அந்தமான் தீவு வரிசை ஒரு வேலி. நம்ம பக்கம் வந்தால் இலங்கை இன்னொரு வேலி. எனவே பாரன் தீவு புகைந்தது என்று கேட்டதும் படகை இழுத்துக் கட்டத் தேவையில்லை.

அப்படியானால் கவலையே வேண்டாமா? அதுவும் இல்லை. உண்மையான ஆபத்து, பாரன் தீவுக்கு நெருப்பு கொடுக்கிற அதே தட்டு சொருகும் இடத்தில், அந்தமானுக்கும் சுமத்திராவுக்கும் மேற்கே இருக்கு. 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு அங்கேதான் பூமி பிளந்தது. தமிழகக் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. இரண்டு மணி நேரம்! கெலுட் மக்களுக்குக் கிடைத்த நேரத்தைவிட அதிகம். ஆனால் அன்று நமக்குச் சொல்ல ஒரு ஏற்பாடும் இல்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்கள் போயின. இலங்கை மறைத்து நின்றதால் தூத்துக்குடிக்கு அடி குறைவு. நாகப்பட்டினத்துக்கு அந்த மறைப்பு இல்லை.

அன்றும் தெரிந்தவர்கள் இருந்த இடத்தில் உயிர் தப்பியது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவ கிராமம். சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் செய்தி அறிந்து போன் செய்தார். ஊரின் அறிவு மையத்தில் இருந்த ஒலிபெருக்கியில் அறிவிப்புக் கொடுத்தார்கள். மக்கள் ஓடித் தப்பினார்கள். தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்து மாணவி, கடல் நுரைத்துக் குமுறுவதைப் பார்த்து, 'இது சுனாமி!' என்று கத்தினாள். இரண்டு வாரம் முன்னால்தான் அவள் வகுப்பில் புவியியல் பாடத்தில் சுனாமி நடத்தியிருந்தார்கள். அந்தக் கடற்கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். புவியியல் பாடம் மார்க்குக்கு மட்டும்தானா? நீங்களே சொல்லுங்கள்!

2007-இல் இருந்து ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் இந்தியாவுக்குச் சுனாமி எச்சரிக்கை கொடுத்து வருகிறது. நிலநடுக்கம் ஏற்பட்டுச் சுமார் பத்து நிமிடத்தில் அறிவிப்பு வந்துவிடும். பிறகு அதை வீட்டுக்கும் கரைக்கும் கொண்டுபோவது நம்ம வேலை.

9. நாம் மனதில் வைக்க வேண்டியவை

அ) அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் திருச்செந்தூரிலும் நம்ம கரையிலும் கடல் உள்வாங்குவது வழக்கம். அது மணிக்கணக்கில் மெதுவாக நடக்கும். பயப்பட வேண்டாம். ஆனால் சில நிமிடத்தில் கடல் சட்டென்று வெகுதூரம் வற்றினால், கிடக்கும் மீனையும் சங்கையும் பொறுக்கப் போகாதே! மேட்டைப் பார்த்து ஓடு!

ஆ) நிலம் பலமாக, நீண்ட நேரம் ஆடினால் அறிவிப்புக்குக் காத்திருக்காதே.

இ) முதல் அலை போனதும் திரும்பி வராதே. அடுத்த அலை இன்னும் பெரிதாக இருக்கலாம்.

ஈ) ஆழக்கடலில் வல்லத்திலோ விசைப்படகிலோ இருப்பவர்கள் அவசரமாகக் கரைக்கு வரக் கூடாது. ஆழத்தில் அலை தாழ்வாகவே போகும், கரையில்தான் எழும்பும். இதை அப்பா, சித்தப்பா, அண்ணன்மாரிடம் இன்றே சொல்லுங்கள்.

உ) வதந்தியைப் பரப்பாதே. 'யார் சொன்னது? இன்காய்ஸ் சொன்னதா? கலெக்டர் ஆபீஸ் சொன்னதா?' என்று கேள். உண்மை என்று தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பாட்டி தாத்தாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்.

10. செய்து பார்ப்போம்

மணலில் மூன்று குழி தோண்டுங்கள். முதல் குழியை அப்படியே விடுங்கள். இரண்டாவது குழியில் களிமண் பூசுங்கள். மூன்றாவதிலும் களிமண் பூசி, ஒரு பக்கக் கரையை உடைத்துவிடுங்கள். மூன்றிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். எதில் தண்ணீர் நிற்கிறது, எதில் உறிஞ்சுகிறது, எதில் ஓடிவிடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாரன் தீவு எந்தக் குழிகளைப் போன்றது, கெலுட் எந்தக் குழியைப் போன்றது என்று சிந்தியுங்கள்.

11. விடை சொல்லுங்கள் பார்க்கலாம்!

1) இந்தியாவில் இப்போதும் வெடிக்கும் ஒரே எரிமலை எது?
2) லஹார் என்றால் என்ன?
3) உலகத்திலேயே ஒரு அந்தமான் எரிமலைத் தீவில் மட்டும் வாழும் இருவாச்சிப் பறவை எந்தத் தீவில் உள்ளது?
4) லோனார் ஏரியின் பள்ளத்தைத் தோண்டியது எது?
5) சமோசிர் தீவு எந்த ஏரிக்குள் உள்ளது?

விடைகள்: 1) பாரன் தீவு 2) எரிமலைச் சாம்பல், மண், பாறை கலந்த சேற்று வெள்ளம் 3) நார்கொண்டம் 4) விண்கல் 5) டோபா

நண்பர்களே! பவள உயிரி கட்டிய தீவையும் நெருப்பு கட்டிய தீவையும் பார்த்தோம். பாரன் தீவில் ஏரி இல்லாததற்குக் காரணம் உண்டு. கெலுட்டில் ஏரி கொன்றதற்கும் காரணம் உண்டு. காரணத்தைக் கண்டுபிடித்ததால்தான் சுரங்கம் தோண்ட முடிந்தது, ஆயிரக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. இதைப் படித்தவர்கள் இன்று சாயங்காலம் வீட்டில் ஒருவருக்காவது ஒன்பதாம் பகுதியைச் சொல்லிக் காட்டுங்கள்.

 

– புவியியல் மன்றத்துக்காக, பதினோராம் வகுப்பு